எல்இடி பல்பு மாட்டியபின் ஹை பீம் வரவில்லை, அவசர உதவி

இரவுப்பயணி:
வணக்கம் நண்பர்களே. காரில் இருந்த ஹாலஜன் பல்புகளை எடுத்துவிட்டு எல்இடி மாட்டினேன். வீட்டிலேயே நானே மாட்டியது. லோ பீம் பளிச்சென்று வருகிறது. ஆனால் ஹை பீம் போட்டால் எதுவும் மாறவில்லை, அதே லோ பீம்தான் எரிகிறது. இரண்டு பக்கமும் இப்படித்தான். பல்புகளை இடம் வலம் மாற்றிப் போட்டும் பார்த்தாகிவிட்டது. நாளை இரவு குடும்பத்தோடு நெடுந்தூரம் போக வேண்டும். யாராவது சீக்கிரம் வழி சொல்லுங்கள்.

கம்பிவடம்:
என்ன கார், எந்த வருட மாடல்? பல்பு வகை எச்4-ஆ, எச்7-ஆ? லோவுக்கும் ஹைக்கும் ஒரே பல்பா, தனித்தனியா? இது தெரியாமல் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

பேட்டரிக்காரன்:
முதலில் எர்த் பாருங்கள் நண்பரே. ஹெட்லைட்டில் என்ன கோளாறு வந்தாலும் நான் முதலில் தொடுவது எர்த் ஒயரைத்தான். முன்பக்கத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்த இடத்தில் துரு ஏறினால் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் கண்ட கண்ட பாதையில் போகும். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி இறுக்குங்கள்.

நாலாவதுகியர்:
ப்ரோ, இது கேன் பஸ் (காரின் கணினிகள் பேசிக்கொள்ளும் ஒயர் வலை) பிரச்சினை. புதிய கார்களில் பல்பு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று கணினி பார்த்துக்கொண்டே இருக்கும். ஹாலஜன் 55 வாட், எல்இடி அதைவிடக் குறைவாகத்தான் எடுக்கும். பல்பு போய்விட்டது என்று நினைத்து லைனை நிறுத்திவிடும். கணினியை ஏமாற்றும் டீகோடர் ஒன்று வாங்கி இடையில் போடுங்கள், சரியாகிவிடும்.

சாலைமணல்:
ஹை பீம் ஃபியூஸ் போயிருக்கலாம். பல கார்களில் தனியாக இருக்கும். பார்த்தீர்களா?

இரவுப்பயணி:
ஃபியூஸ் எல்லாம் நன்றாக இருக்கிறது. கார் சின்ன ஹேட்ச்பேக், 2009 மாடல். பல்பு எச்4, ஒரே பல்புதான். ஹாலஜன் இருந்தவரை ஹை பீமில் ஒரு குறையும் இல்லை. டேஷ்போர்டில் நீல விளக்கும் இப்போது வருவதில்லை. அது முக்கியமா என்று தெரியவில்லை.

ஒளிக்கற்றை:
தம்பி, இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்து, பதிலும் சொல்லியாகிவிட்டது. கேட்பதற்கு முன்னால் பழைய பதிவுகளைப் படிக்கும் பழக்கம் வேண்டும். ஹாலஜனுக்கு பிளஸ் மைனஸ் கிடையாது, எல்இடிக்கு உண்டு. இந்த அடிப்படை தெரியாமல் ஹெட்லைட்டில் கை வைக்கக்கூடாது. சாக்கெட்டைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிச் செருகுங்கள். வேலை முடிந்தது.

கம்பிவடம்:
ஒளிக்கற்றை ஐயா, அது எச்7-க்குச் சரி. அதில் உலோகக் கால்கள் இரண்டுதான், திருப்பிப் போடலாம். இவருடையது எச்4. மூன்று கால், கவிழ்த்துப் போட்ட ‘ப’ மாதிரி நிற்கும். ஒரே வழியில்தான் செருக முடியும்.

இரவுப்பயணி, நீல விளக்கு ரொம்ப முக்கியம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் கார் நெகட்டிவ் ஸ்விட்ச்சிங் என்று சந்தேகமாக இருக்கிறது. பெரும்பாலான கார்களில் எச்4-ன் பொதுக் கால் எர்த்தில் இருக்கும். ஸ்விட்ச், பிளஸ்ஸை லோவுக்கோ ஹைக்கோ அனுப்பும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த கார்கள் சிலவற்றில் இது நேர் எதிர். பொதுக் காலில் பிளஸ் வந்து நிற்கும், ஸ்விட்ச் லோவையோ ஹையையோ எர்த்தோடு சேர்க்கும். ஹாலஜன் பல்புக்குள் இருக்கும் கம்பி இழை எந்தப் பக்கத்திலிருந்து மின்சாரம் வந்தாலும் எரியும். அதனால் ஹாலஜனில் வித்தியாசமே தெரியாது. எல்இடிக்குள் இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்றோ ‘ஹை காலில் பிளஸ் வந்தால் ஹை சில்லுகளை (ஒளி தரும் துணுக்குகளை) எரி’ என்று செய்யப்பட்டது. உங்கள் காரில் ஹை போட்டால் அந்தக் காலில் பிளஸ் வராது, எர்த்துதான் வரும். டிரைவர் அதை லோ என்றே எடுத்துக்கொள்ளும்.

சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள ஒரு மல்டிமீட்டர் போதும். ஒரு பக்கத்துச் சாக்கெட்டைப் பல்பிலிருந்து கழற்றுங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி மைனஸில். லோ பீம் போட்டுவிட்டு, சிவப்பு முனையால் சாக்கெட்டின் மூன்று துளைகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். மேலே படுக்கையாக இருப்பது லோ. பக்கங்களில் செங்குத்தாக நிற்கும் இரண்டில் ஒன்று ஹை, மற்றது பொது. லோவில் 12 வோல்ட் காட்டினால் என் சந்தேகம் தவறு. பக்கத்துத் துளை ஒன்றில் 12 வந்து, லோவில் பூஜ்யம் காட்டினால் நான் சொன்னதுதான்.

நாலாவதுகியர்:
2009 மாடல் என்றால்கூட கேன் பஸ் இருக்க வாய்ப்பு உண்டு ப்ரோ. ஒரு டீகோடர் போட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

கம்பிவடம்:
கேன் பஸ் கோளாறு என்றால் விளக்கு சிமிட்டும், இல்லை டேஷ்போர்டில் பல்பு எச்சரிக்கை வரும். இவர் இரண்டையும் சொல்லவில்லை. மீட்டரில் பார்க்காமல் ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிக்கொண்டே போனால் நாளை இரவுக்குள் முடியாது.

ஒளிக்கற்றை:
பிளஸ் மைனஸ்தான் பிரச்சினை என்று நான் முதலிலேயே சொன்னேன். அது இருக்கட்டும். எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு. எச்4 ஹாலஜனில் லோ இழைக்கு அடியில் குட்டி உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். அதுதான் வெளிச்சத்தை மேலே போகவிடாமல் வெட்டுகிறது. பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டர் முழுவதும் அந்த இழை நிற்கும் இடத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டு வளைக்கப்பட்டது. எல்இடி சில்லு அந்த இடத்தில் சரியாக உட்காராவிட்டால் வெளிச்சம் எதிரே வருபவன் கண்ணுக்குப் போகும். மாட்டியவருக்குப் பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் காருக்குக் கிட்டத்தில் தரையில் கொட்டும் வெளிச்சம். தூரத்தில் ஒன்றும் தெரியாது. ஐ.நா. ஒழுங்குமுறை எண் 37-ல் எச்4-க்கு 13.2 வோல்ட்டில் வெளிச்ச அளவு ஹை 1650 லூமென், லோ 1000 லூமென் என்று இருக்கிறது. அந்த 1000 லூமென் சரியான இடத்தில் விழுந்தால் இரவு ஓட்டப் போதும்.

சாலைமணல்:
ஐயா, சும்மா பயமுறுத்தாதீர்கள். எல்இடி எல்லாமே மோசம் என்பது பழைய பேச்சு. சில்லுகள் மெல்லிய தகட்டில், இழை இருக்க வேண்டிய இடத்திலேயே, இடமும் வலமும் பார்த்து நின்றால் வெட்டுக்கோடு (வெளிச்சம் மேலே போகாமல் நிற்கும் எல்லை) ஒழுங்காக வருகிறது. நான் பல நாளாக ஓட்டுகிறேன், எதிரே வருபவர் யாரும் எனக்கு லைட் அடித்துக் காட்டியதில்லை.

ஒளிக்கற்றை:
அடித்துக் காட்டாததால் கண் கூசவில்லை என்று அர்த்தமில்லை. எதிரே வருபவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உங்களைத் தாண்டிப் போயிருப்பார். இருசக்கர வாகனத்தில் வருபவருக்கு அந்த நேரத்தில் சாலை ஓரமே தெரியாது. பல நாடுகளில் ஹாலஜனுக்காகச் செய்த விளக்குக்குள் எல்இடி போட அனுமதி இல்லாததற்கு இதுதான் காரணம்.

பேட்டரிக்காரன்:
என்னைக் கேட்டால் ஹாலஜனையே வைத்துக்கொண்டு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) போடுங்கள் என்பேன். பழைய காரில் பேட்டரியிலிருந்து ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வரும் மெல்லிய ஒயரில் வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். பேட்டரியில் 13.5 இருந்தால் பல்புக்கு 12 வந்து சேர்வதே பெரிது. ஹாலஜனில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். ரிலேயில் 30 என்று எண் போட்ட காலுக்கு பேட்டரியிலிருந்து தடித்த ஒயர், நடுவில் பேட்டரிக்குக் கிட்டவே ஃபியூஸ். 87 பல்புக்கு. 85, 86 பழைய சாக்கெட்டிலிருந்து. எர்த்தும் தனியாக. போட்டுவிட்டுப் பாருங்கள், அதே பல்பா என்று கேட்பீர்கள்.

நாலாவதுகியர்:
அப்படியென்றால் 100/90 வாட் ஹாலஜனே போட்டுவிடலாமே?

பேட்டரிக்காரன்:
வேண்டாம் தம்பி. ஹை பீமின் 60 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். 100 வாட்டுக்கு 8-க்கு மேல். ரிலே இல்லாமல் போட்டால் சாக்கெட் உருகும், ஸ்விட்ச் கருகும். ரிலே போட்டாலும் சூட்டில் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு மங்கும். அப்புறம் எந்தப் பல்பு போட்டும் பயனில்லை. சிலர் ஃபியூஸைப் பெரிதாக்கச் சொல்வார்கள், அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒயர் தீப்பிடிக்கும்.

தூறல்:
இடையில் ஒரு விஷயம். பல்பின் பின்னால் ஃபேன் இருக்கிறதா? இருந்தால் ரப்பர் மூடி சரியாக மூடுகிறதா பாருங்கள். சிலர் மூடியை வெட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். மழையில் உள்ளே ஈரம் கோர்த்துக்கொண்டு கண்ணாடி முழுவதும் பனிப்படலமாகிவிடும்.

இரவுப்பயணி:
மீட்டர் கிடைத்தது, பார்த்தேன். பக்கத்துத் துளை ஒன்றில் 12.4. லோ போட்டிருக்கும்போது மேல் துளையில் 0. ஹை போட்டாலும் மற்ற இரண்டில் ஒன்றும் வரவில்லை.

கம்பிவடம்:
சந்தேகமே இல்லை, நெகட்டிவ் ஸ்விட்ச்சிங்தான். இன்னும் உறுதி வேண்டுமென்றால் சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸில் வைத்து, கறுப்பால் ஹை துளையைத் தொடுங்கள். ஹை பீம் போட்டதும் 12 வரும்.

இதற்கென்றே எச்4 நெகட்டிவ் ஸ்விட்ச்சிங் அடாப்டர் ஒயர் விற்கிறார்கள். சாக்கெட்டுக்கும் பல்புக்கும் நடுவில் செருக வேண்டியதுதான், எதையும் வெட்ட வேண்டாம். சில கார்களில் நீல விளக்குக்கான மின்சாரம் ஹெட்லைட் இழை வழியாகத்தான் போகும். இழையின் தடை மிகக் குறைவு, அதனால் விளக்கு எரியும். எல்இடி டிரைவர் அப்படி விடாது. ஆகவே ரெசிஸ்டர் (மின்தடை) சேர்த்த அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். ரெசிஸ்டர் சூடாகும், பிளாஸ்டிக்கில் படாமல் உலோகத்தில் கட்டுங்கள்.

நாளைக்குள் அடாப்டர் கிடைக்காவிட்டால் பழைய ஹாலஜனையே மாட்டிக்கொண்டு போங்கள். ஹை பீம் இல்லாமல் இரவில் குடும்பத்தோடு நெடுந்தூரம் வேண்டாம். மாட்டும்போது கண்ணாடியில் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும்.

ஒளிக்கற்றை:
எதை மாட்டினாலும் சுவரில் பார்க்காமல் சாலையில் இறக்காதீர்கள். சமதரை, டயரில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் டேப் ஒட்டிக் குறியுங்கள். லோ பீமின் வெட்டுக்கோடு அதற்கு ஏறக்குறைய 10 செ.மீ. கீழே விழ வேண்டும். 5 மீட்டர்தான் இடம் இருக்கிறது என்றால் 5 செ.மீ. கோட்டின் ஒரு பாதி மட்டமாகவும், சாலை ஓரப் பக்கத்துப் பாதி 15 பாகை மேலே ஏறியும் இருக்க வேண்டும். அப்படிக் கோடே தெரியாமல் மொத்தமாக வெள்ளையாய்ப் பரவினால் அந்தப் பல்பை எடுத்துவிடுங்கள். திருகி அட்ஜஸ்ட் செய்து அதைச் சரிசெய்ய முடியாது.

சாலைமணல்:
சுவரில் பார்க்கச் சொல்வதில் எனக்கும் மறுப்பில்லை. கோடு வருகிற எல்இடியும் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

இரவுப்பயணி:
ஹாலஜனோடு போய் வந்துவிட்டேன். இன்று அடாப்டர் மாட்டினேன். ஹை பீம் வருகிறது, நீல விளக்கும் எரிகிறது. கம்பிவடம் அண்ணாவுக்கும் எல்லோருக்கும் நன்றி.

ஒளிக்கற்றை:
நல்லது. சுவரில் பார்த்தீர்களா? கோடு வந்ததா? ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

தூறல்:
ரப்பர் மூடி மூடியதா என்பதையும் சொல்லுங்கள்.

பேட்டரிக்காரன்:
எர்த்தையும் ஒரு தடவை தேய்த்துவிடுங்கள் நண்பரே. கெடுதல் ஒன்றும் இல்லை.