காய்ச்சல் முகாமில் எடுத்த ஆதார் படம் யாரிடம் இருக்கிறது?

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கத்து வாசகி

கார்த்திகை மழையோடு எங்கள் தெருவில் டெங்குக் காய்ச்சல் பரவியதால் சென்ற வாரம் காய்ச்சல் முகாம் நடத்தினார்கள். முகாமை நான் குறை சொல்லவில்லை. நிலவேம்புக் கசாயம் கொடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், தொட்டித் தண்ணீரில் டார்ச் அடித்துப் புழு இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். ஆனால் பெயர் எழுத வந்த தன்னார்வலர் ஒருவர், எல்லாருடைய ஆதார் அட்டையையும் தம்முடைய சொந்தக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே போனார். எதற்கு என்று கேட்டேன். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்றார்.

2020இல், கொரோனா காலத்தில், சென்னையிலிருந்து திரும்பிய என் கணவரை வீட்டிலேயே தனிமைப்படுத்தியிருந்தார்கள். அவருடைய பெயர், கதவு எண், கைபேசி எண் அடங்கிய பட்டியல் இரண்டே நாளில் ஊர் முழுக்கச் சுற்றியது. பால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விடுவார். நோய் இல்லை என்று முடிவு வந்த பிறகும் அந்தப் பட்டியல் நிற்கவில்லை. மறு தைப்பொங்கலுக்குச் சீட்டுப் பணம் கட்டப் போன இடத்தில், சீட்டு நடத்துபவரின் கைபேசியில் அதைப் பார்த்தேன்.

நோய்க் காலத்தில் விவரம் கேட்டால் மறுக்க முடியுமா? கொடுத்ததைப் பிறகு அழிக்கச் சொல்லலாமா?

பதில்: உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கறிஞன்

அம்மா, முதல் கேள்விக்கு விடை எளிது: சிகிச்சைக்கும் நோய்த் தடுப்புக்கும் தேவையான விவரத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். தொற்றுநோயைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கும் கடமையை 1939ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டமே விதித்திருக்கிறது.

இரண்டாவதுதான் சிக்கல். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று பலரும் நம்புகிறார்கள். அதன் 7ஆம் பிரிவு, நோய்ப்பரவல் காலத்தில் மருத்துவச் சேவைக்காக நம் ஒப்புதல் இல்லாமலே விவரங்களைப் பயன்படுத்த இடம் தருகிறது. அதில் தவறில்லை. ஆனால் நோக்கம் நிறைவேறியதும் விவரத்தை அழித்துவிட வேண்டும் என்று 8ஆம் பிரிவு விதிக்கும் கடமையிலிருந்து 17ஆம் பிரிவு அரசையும் அரசு அமைப்புகளையும் விலக்கிவிட்டது. என் கருத்தில் இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுவே. போதாக்குறைக்கு, விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் வேறு.

எனவே நமக்குப் பிடிமானம் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாக அளித்த தீர்ப்புதான். அந்தரங்கத்தில் அரசு தலையிடுமானால் அதற்குச் சட்டத்தின் ஆதாரம் இருக்க வேண்டும், உண்மையான தேவை இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சியும் போகக் கூடாது. தன்னார்வலரின் சொந்தக் கைபேசியில் ஆதார் படம் இருப்பது இவற்றில் எதற்குள்ளும் அடங்காது. யார் உத்தரவில் எடுத்தார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பதில்: ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர், மேலூர்

டெங்குவுக்கு எங்களுக்கு வேண்டியவை வீட்டு முகவரி, காய்ச்சல் தொடங்கிய தேதி, தொடர்பு எண் ஆகியவைதாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பிறந்த இடத்தைவிட்டு அதிகத் தூரம் பறப்பதில்லை என்பதால், காய்ச்சல் கண்ட வீட்டையும் அதைச் சுற்றியுள்ள வீடுகளையும் தேடி உரலையும் டயரையும் கவிழ்த்துவிட்டு வருவோம். அதில் ஆதார் எண்ணுக்கு என்ன வேலை?

2020இல் பட்டியல்கள் எங்கள் பக்கத்திலிருந்துதான் கசிந்தன என்பதை மறைக்க விரும்பவில்லை. சாயங்காலத்துக்குள் கணக்கு வேண்டும் என்று மேலிருந்து விரட்டும்போது, பதிவேட்டைப் படம் பிடித்துக் குழுவில் தள்ளிவிடுவதே சுலபமாக இருந்தது. அதன் விலையையும் நாங்கள்தான் கொடுத்தோம்: பெயர் வெளியே போய்விடும் என்று அஞ்சியவர்கள் காய்ச்சலை மறைத்து, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, மூச்சு முட்டிய பிறகே பெரியாஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

பதில்: பேரையூர் ஆசிரியை

கைபேசி இல்லாதவர்களை இந்த உரையாடலில் விட்டுவிடாதீர்கள். 2021 மே மாதம் 18 முதல் 44 வயதுள்ளவர்கள் கொரோனா தடுப்பூசிக்கு அரசின் கோவின் இணையதளத்தில் பதிந்தாக வேண்டும் என்றிருந்தது. மே 24 அன்று அரசு மையங்களில் நேரடிப் பதிவுக்கு வழிவிட்ட பிறகும், மே 31ஆம் தேதி உத்தரவில் உச்ச நீதிமன்றம் இந்த டிஜிட்டல் இடைவெளியைச் சுட்டிக்காட்டி மத்திய அரசிடம் விளக்கம் கேட்டது. நேரடிப் பதிவு வரும்வரையிலான அந்த மூன்று வாரமும் எங்கள் ஊரில் அலைவரிசைக்காகத் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் பிள்ளைகள் நின்றார்கள். ஏற முடியாதவர்கள் ஜெராக்ஸ் கடைக்குப் போனார்கள். அந்தக் கடை மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு விரித்தபடியே கிடக்கும். பெயர், ஆதார் எண், கைபேசி எண், வந்த ஓடிபி எல்லாம் வரிசையாக எழுதியிருக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இணையம் எட்டாதவருக்கு அந்தரங்கமும் இல்லாமல் போவதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

மீண்டும்: உசிலம்பட்டிப் பக்கத்து வாசகி

அனைவருக்கும் நன்றி. நேற்று நேரில் போய்க் கேட்டேன். மருத்துவ அலுவலர் கண்ணியமாகவே பேசினார். தன்னார்வலரை அழைத்து என் எதிரிலேயே படங்களை அழிக்கச் செய்தார். ஆனால் ஒரு வாரம் கடந்துவிட்டதால், அனைவருக்குமாக நீக்கும் வசதி வாட்ஸ்அப்பில் வரவில்லை. அந்த ஒரு கைபேசியில் மட்டுமே அழிந்தது. குழுவில் இன்னும் 42 பேர் இருக்கிறார்கள். வில்லை ஒட்டி மனுவை இன்று காலையில் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.