கொடிக்கம்பத்துக்குக் கற்பூரம்: உங்கள் ஊர் அனுபவம் என்ன?

குமரி மாவட்டம், பள்ளி ஆசிரியை

சுதந்திர தினத்தன்று கொடிக்குள் பூவிதழ் வைத்துக் கட்டுவது எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். 2002ஆம் ஆண்டின் கொடி விதிமுறையே அதை அனுமதிக்கிறது. எங்கள் பள்ளியில் அது அதோடு நிற்கவில்லை. விழாச் செலவை ஏற்றுக்கொள்ளும் ஊர்ப் பெரியவர் ஒருவர், முதலில் கம்பத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். பிறகு ஒரு வருடம் தேங்காய் உடைத்தார். அப்புறம் ஒரு வருடம் கொடிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, தட்டை வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் நீட்டிக்கொண்டே வந்தார். அவர் மனதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. புது வண்டி எடுத்தாலும் போர்வெல் போட்டாலும் நம் வீடுகளில் அதைத்தானே செய்கிறோம்? மதிக்கிற பொருளைக் கண்டால் கை தானாகக் கற்பூரத்தைத் தேடுகிறது.

தட்டு வந்தபோது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கையை நீட்டவில்லை. அவன் வீட்டார் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். தேசிய கீதத்துக்கு நேராக எழுந்து நிற்பான், வாய் திறந்து பாட மாட்டான். எங்களுக்கு அது தெரியும், யாரும் பெரிதுபடுத்தியதில்லை. அன்று கற்பூரத்தை ஒற்றிக்கொள்ளாததில் தொடங்கிய பேச்சு கீதம் வரைக்கும் போய்விட்டது. "நாட்டை மதிக்காத பிள்ளைக்கு டி.சி. கொடுங்கள்" என்று அலுவலக அறையில் ஒரே சத்தம்.

பிஜோ இம்மானுவேல் வழக்கின் தீர்ப்பைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியரின் மேசையில் வைத்தேன். பக்கத்துக் கேரளத்தில் 1985 ஜூலையில் நடந்த சங்கதி. அதே பிரிவைச் சேர்ந்த அண்ணன் தங்கைகள் மூன்று பேர், கீதத்துக்கு எழுந்து நின்றும் பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பிரச்சினையைக் கிளப்பியிருந்தார். விசாரித்தவர்களோ, சட்டத்துக்கு அடங்கி நடக்கிற நல்ல பிள்ளைகள் என்றுதான் அறிக்கை கொடுத்தார்கள். அப்படியும் நீக்கினார்கள். கீதத்தின் சொற்களில் யாருடைய மதத்தையும் புண்படுத்துவது எதுவுமில்லை என்று சொல்லி உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் அதை மாற்றினார்கள். அந்த நம்பிக்கை நமக்குச் சரியாகப் படுகிறதா என்பது கேள்வியே இல்லை, அவர்கள் அதை உண்மையாகக் கொண்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி என்றார்கள். பாடித்தான் ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தேசிய கௌரவத்தை அவமதிப்பதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிப்பது பாடவிடாமல் தடுப்பவரையும் பாடும் கூட்டத்தைக் குலைப்பவரையும்தான். பேசாமல் எழுந்து நிற்பவர் இரண்டையும் செய்யவில்லை.

தலைமையாசிரியர் முழுவதும் வாசித்தார். பையன் எங்கள் பள்ளியிலேயே படித்தான். பெரியவரிடம் நானே போய்ப் பேசினேன். "கொடியும் சாமிதானே டீச்சர்?" என்றார். உங்களுக்கு அப்படித்தான் ஐயா, எல்லாப் பிள்ளைக்கும் அப்படி இருக்க முடியாது என்றேன். தட்டைப் பிள்ளைகளிடம் கொண்டுபோவதை விட்டுவிட்டார். சந்தனமும் குங்குமமும் இன்றைக்கும் உண்டு.

மேலப்பாளையம், இரண்டு பெண்களின் அம்மா

டீச்சர், அன்போடு செய்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்வதுதான் கஷ்டம். என் சின்ன மகளைக் குடியரசு தினத்துக்குப் பாரத மாதா வேடம் போடத் தேர்ந்தெடுத்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டுச்சேலை, கிரீடம், கையில் கொடி, எல்லாம் சரி. ஒத்திகையில் சூலம் கொடுத்து, பின்னால் சிங்கப் படம் வைத்து, கடைசியில் ஒரு பெண் வந்து அவளுக்கு ஆரத்தி எடுப்பதாக வைத்திருந்தார்கள். என் மாமியார் அழுதேவிட்டார். மனுஷிக்கோ படத்துக்கோ ஆரத்தி எடுத்து வணங்குவது முஸ்லிம்களான எங்களுக்கு ஆகாது. நாட்டின் மேல் உள்ள பாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பள்ளிக்குப் போகுமுன் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். 1905இல் அபனீந்திரநாத் தாகூர் வரைந்த பாரத மாதா காவி உடுத்திய பெண். நான்கு கைகளில் ஏடு, நெற்கதிர், வெள்ளைத் துணி, ஜபமாலை. ஆயுதமும் இல்லை, சிங்கமும் இல்லை. வந்தே மாதரத்தில் துர்க்கையின் பெயர் பிற்பகுதியில் வருகிறது என்பதால்தான் 1937இல் காங்கிரஸ் காரியக் கமிட்டி முதல் இரண்டு பத்திகளை மட்டும் பொதுக்கூட்டங்களில் பாடலாம் என்று முடிவெடுத்தது. இந்த மனக்கஷ்டம் நாங்கள் இன்றைக்குக் கிளப்பியதில்லை.

வகுப்பாசிரியை பொறுமையாகக் கேட்டார். சூலத்துக்குப் பதில் நெற்கதிர் கொடுத்தார், ஆரத்தியை எடுத்துவிட்டார். மகள் மேடையேறினாள். இரண்டு பெற்றோர்கள் மட்டும் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

வவுனியா (இலங்கை), ஆசிரியை

எங்கட நாட்டுக் கொடியின்ர கதை இது. சிங்கத்தைச் சுற்றி நாலு மூலையிலும் அரசிலை இருக்கு. 1972இல் சேர்த்தது, பௌத்த சமயத்தின் நாலு நற்குணங்களுக்கான அடையாளம். தமிழருக்குச் செம்மஞ்சள் பட்டி, முஸ்லிம்களுக்குப் பச்சைப் பட்டி, இரண்டும் சிங்கம் நிற்கிற கட்டத்துக்கு வெளியில. கொடி கீறப் பழக்கும்போது ஒரு பிள்ளை, "மிஸ், அரசிலை பிள்ளையாருக்குத்தானே?" என்று கேட்டது. அந்தப் பிள்ளையின்ர ஊரில் அரசமரத்தடியில் பிள்ளையார்தான் இருக்கிறார். பாடப்புத்தகத்தில் உள்ளதைச் சொல்லிக் கொடுத்தேன். அதே 1972இல் வந்த அரசியலமைப்புத்தான் பௌத்தத்துக்கு முதன்மை இடமும் கொடுத்தது. அதைப் பெரிய வகுப்புக்கு வந்தபிறகு படிப்பார்கள்.

தருமபுரி, ஓய்வுபெற்ற அலுவலர்

மேலப்பாளையம் தங்கச்சிக்கு ஒன்று சொல்ல வேண்டும். காசி போனபோது வித்யாபீடப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள பாரத மாதா கோயிலுக்குப் போனேன். சிவபிரசாத் குப்தா கட்டியது, 1936இல் காந்தி திறந்து வைத்தார். உள்ளே சிலை கிடையாது. பளிங்கில் செதுக்கிய பிரிவினைக்கு முந்தைய இந்தியாவின் வரைபடம் தரையில் கிடக்கிறது, மலையும் ஆறும் மேடுபள்ளமாக. எல்லா மதத்தாருக்கும் சாதியாருக்கும் பொதுவான இடமாக இருக்கட்டும் என்பதுதான் காந்தியின் ஆசை. என்னோடு வந்த முஸ்லிம் நண்பர் தயங்காமல் உள்ளே வந்தார், ராமேசுவரத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். விசுவநாதர் கோயில் வாசலில் அவர் வெளியே நின்றுவிட்டார்.

எங்கள் பாப்பாரப்பட்டியிலும் சுப்பிரமணிய சிவா பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார், 1925இல் சிவா காலமாகிவிட்டார். நூற்றாண்டு நெருங்கும்போதுதான் அரசு நினைவாலயமாகக் கட்டியது, உள்ளே சிலை உண்டு. 2022 ஆகஸ்டில் சிலர் பூட்டை உடைத்து உள்ளே போய் மாலை போட்டதில் வழக்கு, கைது என்று ஆனது. சிவாவின் ஆசை எனக்குப் புரிகிறது. மாலை போட விரும்புகிறவர் மனதும் புரிகிறது. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வருகிற இடம் அது. அவர்கள் வரும் நேரத்தில் பூசை எதுவும் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். டீச்சர், உங்கள் பெரியவர் சந்தனம் வைப்பதைப் பிள்ளைகள் வரிசைக்கு வருவதற்கு முன்பே முடித்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்களேன்.