சிறகுள்ள கிழவருக்குக் கத்தரிக்காய் மசியல்

கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் 1968இல் எழுதிய சிறகுள்ள கிழவரின் கதை மாய யதார்த்தம், அதாவது நடக்க முடியாததை அன்றாட விஷயம் மாதிரிச் சொல்வது. அதைப் புதிதாக வாசிக்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: சிறகு எதற்குக் குறியீடு? அந்தக் கேள்வியோடு நுழைந்தால் பாதிக் கதை கண்ணில் படாது. சிறகை ஓரம் கட்டிவிட்டு வீட்டுக் கணக்கைப் பாருங்கள். மூன்று நாள் மழை. வீட்டுக்குள் கொன்ற நண்டுகளைக் கடலில் கொட்டப் போகிறான் பெலாயோ. குழந்தைக்குக் காய்ச்சல், நண்டு நாற்றத்தால் என்று நினைக்கிறார்கள். முற்றத்துச் சேற்றில் குப்புறக் கிடக்கும் கிழவரால் எழ முடியவில்லை, சிறகே தடுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, இவர் தேவதூதர் என்கிறாள். கோழிக்கூண்டில் அடைக்கிறார்கள். வேடிக்கை பார்க்கத் தலைக்கு 5 சென்டாவோ. அந்தக் காசில் மாடி வீடு எழும்புகிறது: மழைக்கால நண்டு நுழையாமல் வலை, தேவதூதர்கள் நுழையாமல் ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே தொனியில் சொல்லிவிட்டுப் போகிறார் மார்க்வெஸ். நண்டும் தேவதூதரும் அந்த வீட்டுக்கு ஒரே ரகத் தொல்லை. இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை என்றால் இன்னொரு முறை மெதுவாக வாசிப்பது நல்லது.

* * *

தமிழில் வாசிக்கும்போது சொற்களும் காலை வாரும். ‘தேவதை’ என்று போட்டதுமே நம் மனதில் வெள்ளைப் பாவாடைப் பெண் வந்து நிற்கிறாள். பல் விழுந்த, பேன் பிடித்த சிறகுள்ள கிழவர் காணாமல் போகிறார். தேவதூதரைச் சொல்லக் கத்தோலிக்கக் குடும்பங்களில் புழங்கும் ‘சம்மனசு’ இங்கே கச்சிதம். பக்கத்து வீட்டுக்காரியின் வாயில் அது இயல்பாக உட்காரும்.

இன்னொன்று, சாப்பாடு. தேவதூதர்களுக்கு உரிய உணவு இதுதான் என்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னதைக் கேட்டு, கிழவருக்கு முதலில் கொடுத்துப் பார்ப்பது ஸ்பானிய மூலத்தில் கற்பூரக் கட்டி. ஆங்கில மொழிபெயர்ப்பில் அது பாச்சை உருண்டை ஆகிவிட்டது. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தால் நாமும் பாச்சை உருண்டைதான் கொடுப்போம். கற்பூரம் என்றால் கோயில் வாசனையே வந்துவிடும், பொருளும் மூலத்துக்கு நெருக்கம். கிழவர் அதைத் தொடவில்லை. கடைசியில் கத்தரிக்காய் மசியல் மட்டும்தான் தின்கிறார்.

* * *

அற்புதங்களின் அளவையும் கவனியுங்கள். குருடனுக்குப் பார்வை வரவில்லை, புதிதாக 3 பல் முளைக்கிறது. முடவன் நடக்கவில்லை, ஆனால் லாட்டரியில் ஜெயித்திருப்பான், மயிரிழையில் தப்புகிறது. தொழுநோயாளியின் புண்ணில் சூரியகாந்தி பூக்கிறது. எல்லாமே முகவரி தவறிய தபால். பிறகு ஊருக்கு வரும் சிலந்திப் பெண்ணிடம் கூட்டம் சாய்வதற்கும் அதிசயம் காரணமில்லை. டிக்கெட் விலை குறைவு, கேள்வி கேட்டால் பதில் சொல்வாள், பெற்றோர் சொல் மீறியதால் வந்த சாபம் என்று கதையில் நீதியும் இருக்கிறது. நீதி தேடி வாசிக்கிறவர்கள் அந்தக் கூட்டத்தோடு போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்!

* * *

ஒரு திருத்தம். அர்ஜென்டினா எழுத்தாளர் கொர்த்தஸாரின் கதைகளையும் மாய யதார்த்தம் என்ற இதே பையில் போடுகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. அவரது 1951 தொகுப்பில் வரும் முயல்குட்டிக் கதையில், ப்யூனஸ் அயர்ஸ் அடுக்ககத்தில் தங்கும் ஒருவன் வாய்வழியே முயல்குட்டிகளைக் கக்குகிறான். தொண்டையில் அது ஏறிவருவது ஃப்ரூட் சால்ட் நுரைப்பது மாதிரி இருக்குமாம். 10 முயல் வரை அலமாரியில் பூட்டிச் சமாளிக்கிறான். 11ஆவது வந்ததும் ஆள் உடைந்துபோகிறான். இங்கேயும் எண்ணிக்கை துல்லியம்தான், ஆனால் அவன் ஒளிக்கிறான், வேலைக்காரிக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறான். மார்க்வெஸின் ஊரில் ஒளிவுமறைவு கிடையாது. பெலாயோவும் அவன் மனைவி எலிஸெந்தாவும் கிழவரை உற்றுப் பார்த்துப் பார்த்தே திகைப்பு தீர்ந்து பழகிவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் பென்சிலோடு உட்கார்ந்து, யார் எந்த வரியில் ஆச்சரியப்படுகிறார்கள், எந்த வரியில் அதை நிறுத்துகிறார்கள் என்று குறித்துப் பாருங்கள். நிறுத்தவே இல்லை என்றால் அது வேறு வகை.

* * *

புராணம் கேட்டு வளர்ந்ததால் நமக்கு இது சுலபம் என்பார்கள். உண்மையில் அதுவே இடைஞ்சல். புராணத்தில் சிறகுள்ளவர் வந்தால் வரம், சாபம், காரணம் மூன்றும் கூடவே வரும். இங்கே காரணம் வராது. பழகிக்கொள்ள நல்ல வழி, முதலில் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ வாசிப்பது. கடவுள் காப்பி குடித்துவிட்டுத் தன் லீலை என்று பெருமைப்பட, அது ஓட்டல்காரனின் சிக்கரி லீலை என்று பிள்ளை திருத்துகிறாரே, அந்தக் காது இருந்தால் மார்க்வெஸ் புரிந்துவிடும்.

* * *

கடைசிப் பத்தியை மட்டும் வாய்விட்டு வாசியுங்கள். எலிஸெந்தா மதியச் சமையலுக்கு வெங்காயம் அரிகிறாள். கிழவர் தத்தித் தத்தி மேலேறிப் பறக்கிறார். அவளுக்கும் நிம்மதி, அவருக்காகவும் நிம்மதி. வெங்காயம் அரிந்து முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், கடலின் தொடுவானத்தில் அவர் ஒரு கற்பனைப் புள்ளியாகும் வரை.