பறவைத் தண்ணீர்த் தட்டுக்கு ஓசையெழுப்பாத சிறு மின் வால்வு எது?

தேயிலைக்கொழுந்து (கோத்தகிரி):

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. லாங்வுட் சோலைக்கு எதிர்ச்சரிவில் எங்கள் வீடு இருக்கிறது. பின்கட்டை ஒட்டி இன்னும் நாலைந்து சோலை மரங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஓடை வற்றும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் அங்கே ஒரு மண் தட்டில் பறவைகளுக்குத் தண்ணீர் வைத்துவருகிறேன். தேங்கி நிற்கும் நீரைக் காட்டிலும், சொட்டுச் சொட்டாக விழும் நீரின் ஓசையைக் கேட்டே நீலகிரிச் சிரிப்பான்களும் வெள்ளைக்கண்ணிகளும் விரைவாக இறங்கிவருவதைக் கவனித்த பிறகு, தட்டுக்கு ஒன்றரை மீட்டர் மேலே சில்வர் ஓக் மரத்தில் 5 லிட்டர் கேன் ஒன்றைக் கட்டி, கைபேசியிலிருந்து இயக்கும்படி ஒரு சொட்டுக் கருவியைச் செய்திருக்கிறேன். ஈ.எஸ்.பி. 32 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை (கைபேசியோடு கம்பியின்றித் தொடர்புகொள்வது), 12 வோல்ட் 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி, சந்தையில் எளிதாகக் கிடைக்கும் அரை அங்குல பிளாஸ்டிக் சோலனாய்டு வால்வு (மின்காந்தச் சுருளால் திறப்பது) ஆகியவையே அதில் உள்ளவை.

என் குறை இரண்டு. வால்வு திறக்கும்போது 'டக்' என்று எழும் ஓசையில் தட்டில் இருக்கும் பறவைகள் அத்தனையும் பறந்துவிடுகின்றன. சிரிப்பான்கள் திரும்பிவரப் பத்து நிமிடமாவது ஆகிறது. அத்தனை ஓசைக்குப் பிறகும் தண்ணீர் சரியாக வருவதில்லை, கசிகிறது. வால்வைத் தட்டிலிருந்து அரை அடி தள்ளி, பழைய தேயிலைப் பெட்டி ஒன்றின் பக்கப் பலகையில் திருகியிருக்கிறேன். பேட்டரியும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. குறைந்த வோல்ட்டில் இயங்கி, ஓசையெழுப்பாமல், இவ்வளவு சிறிய உயரத்திலிருந்து வரும் தண்ணீரையும் ஒழுங்காக விடும் வால்வு எது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மின்சுருள் (குன்னூர்):

வணக்கம் டீச்சர். முதலில் கசிவைப் பார்த்துவிடுவோம். உங்கள் வால்வின் மேல் 0.02 முதல் 0.8 எம்.பி.ஏ. (மெகாபாஸ்கல், அழுத்த அளவு) வரை என்று அச்சிட்டிருக்கும், பாருங்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 0.1 எம்.பி.ஏ. அழுத்தம் தரும் என்பதை நீங்களே எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். அந்தக் கணக்கில் ஒன்றரை மீட்டருக்குக் கிடைப்பது 0.015 மட்டுமே. இந்த வகை வால்வில் மின்காந்தம் தூக்குவது உள்ளேயிருக்கும் சிறு இரும்புத் தண்டை மட்டும்தான். அது ஒரு நுண்துளையைத் திறந்துவிட, ரப்பர் சவ்வை மேலே தள்ளும் பெரிய வேலையைத் தண்ணீரின் அழுத்தமே செய்தாக வேண்டும். அந்த அழுத்தம் உங்கள் கேனில் இல்லை. துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு ஏற்ற வால்வு இது. மரத்தில் கட்டிய கேனுக்கு ஏற்றதன்று.

மின்காந்தமே நேரடியாக வாயைத் திறக்கும் வகை வால்வுகள் உண்டு. அவற்றுக்கு அழுத்தமே தேவையில்லை. வாங்கும்போது குறைந்தபட்ச அழுத்தம் பூச்சியம் என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆனால் 3 வோல்ட், 6 வோல்ட் என்று மலிவாகக் கிடைக்கும் கட்டைவிரல் அளவு வால்வுகளைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் காற்றை வெளியேற்றுவதற்காகச் செய்தவை. மின்சாரம் இல்லாதபோது திறந்தே இருக்கும் வகையும் அவற்றில் உண்டு. நான் ஒன்றைத் தண்ணீரில் போட்டு, மூன்று வாரத்தில் உள்ளே துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

இனி ஓசை. இரும்புத் தண்டு சுருளுக்குள் பாய்ந்து மேல்முனையில் மோதுவதுதான் அந்த 'டக்'. மின்சாரத்தை மெல்ல மெல்ல ஏற்றினால் தண்டும் மெல்ல நகரும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் ஒரு மாதம் அதில் வீணடித்தேன். இடைவெளி குறையக் குறைய இழுவிசை கூடிக்கொண்டே போவதால், ஒருமுறை அசைந்துவிட்ட தண்டு எப்படியும் பாய்ந்துதான் தீரும். திறந்த பிறகு மின்னோட்டத்தைக் குறைத்துப் பிடித்துவைப்பது பேட்டரிக்கு நல்லது. ஓசைக்கு அதனால் பயன் ஏதுமில்லை. அப்படிக் குறைப்பது மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்துத்தான்; அந்தத் துடிப்பின் வேகம் 20 கிலோஹெர்ட்சுக்குக் கீழே இருந்தால் சுருளே கீச்சிட்டு, கூடுதலாக ஓர் ஓசை சேரும்.

தேயிலைப் பெட்டியில் திருகியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டீச்சர், நீங்கள் வால்வைத் தவிலின் மேல் வைத்திருக்கிறீர்கள்! மெல்லிய பிளைவுட், உள்ளே வெற்றிடம், நான்கு பக்கமும் ஆணி. ஒரு சோதனை செய்துபாருங்கள்: வால்வைக் கழற்றி, துண்டு ஒன்றில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இயக்கிப்பாருங்கள். ஓசை பாதிக்கு மேல் குறைந்தால், குற்றவாளி வால்வன்று, பலகைதான்.

எல்லாவற்றையும் புதிதாகச் செய்வதானால், நான் சோலனாய்டையே விட்டுவிடுவேன். உங்களுக்குத் தேவையானது நொடிக்கு ஒரு சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால் மணிக்கு 180 மில்லி. 5 லிட்டர் கேன் ஏறத்தாழ 28 மணி நேரத்துக்கு வரும். இவ்வளவு சிறிய ஓட்டத்துக்கு, மெல்லிய சிலிக்கோன் குழாயை நசுக்கி மூடும் அமைப்பே போதும். 28 பி.ஒய்.ஜே. 48 என்ற 5 வோல்ட் ஸ்டெப்பர் மோட்டாரை (படிப்படியாகத் திரும்பும் மோட்டார்) அதை இயக்கும் யூ.எல்.என். 2003 பலகையோடு வாங்கி, அச்சில் மையம் விலகிய ஒரு சிறு வட்டைப் பொருத்தினால், அது கால்வட்டம் திரும்பும்போது குழாயை அழுத்தி மூடிவிடும். ஒரு முழுச் சுற்றுக்கு 4096 அரைப்படிகள்; படிக்கு 2 மில்லிநொடி என்று விட்டால் இரண்டு நொடியில் கால்வட்டம் திரும்பும். மோதல் எதுவும் இல்லாததால், காதருகே வைத்தால் மட்டும் ஒரு முணுமுணுப்பு கேட்கும். திரும்பி முடிந்ததும் நான்கு சுருள்களையும் அணைத்துவிடுங்கள். உள்ளேயிருக்கும் பல்சக்கரங்களே அந்த நிலையைப் பிடித்துக்கொள்ளும். 12 வோல்ட்டை 5 ஆக்க, காரில் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் சாதனமே போதுமானது. சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் செர்வோ மோட்டாரும் இதே வேலையைச் செய்யும் என்றாலும், அதன் கீச்சொலியும் ஒரே இடத்தில் நின்று நடுங்கும் குணமும் உங்கள் நோக்கத்துக்கு ஒத்துவராது.

மழைக்காடு (கூடலூர்):

முற்றிலும் ஓசையற்ற ஒன்று வேண்டுமென்றால் நிட்டினால் கம்பியும் இருக்கிறது. நிக்கல், டைட்டானியம் கலந்த அந்தக் கம்பியில் மின்சாரம் பாய்ந்து சூடேறினால் தன் நீளத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கும். பத்து சென்டிமீட்டர்க் கம்பி 4 மில்லிமீட்டர் இழுத்தால் சிறு குழாய்க் கவ்வியைத் திறக்க அது போதும். ஆனால் திறந்திருக்கும் நேரம் முழுவதும் மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும். மலைக் காற்று அடித்தால் கம்பி ஆறிப்போய் வால்வு தானே மூடிக்கொள்ளும். ஒரு கண்காட்சிக்காக வீட்டுக்குள் வைத்துச் செய்தபோது அழகாக வேலை செய்தது. வெளியில் வைத்த அன்றே கைவிட்டேன்.

சோலைக்குருவி (உதகை):

எனக்கு மின்னணுவியல் தெரியாது. பறவைகளைப் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். ஆகையால் ஒரு பாமரக் கேள்வி: வால்வு ஏன் தட்டின் அருகிலேயே இருக்க வேண்டும்?

நான் மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் ஏற்றும் குழாயைப் பல ஆண்டுகளாகத் தட்டுக்குப் பயன்படுத்துகிறேன். சொட்டின் வேகத்தைக் குழாயோடு வரும் உருளைத் திருகியில் ஒருமுறை வைத்துவிட்டால் போதும். அதை ஜன்னலோரம் வரை நீட்டி, அங்கே கையால் கிள்ளி மூடுவேன். நான் அமர்ந்திருக்கும் இடத்தில் என்ன ஓசை எழுந்தாலும் தட்டில் இருக்கும் பறவை தலைதூக்குவதில்லை. இளநீர்க் குழலின் மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் உள்ளேயிருக்கும் இளநீர் கீழே விழாமல் நிற்கிறதல்லவா? அதுபோல, குறுகிய குழாயில் மேல்முனையை மூடினாலும் கீழ்முனை வரை தண்ணீர் அப்படியே நிற்கும். திறந்த அடுத்த நொடியே சொட்டத் தொடங்கும். குழாய் அகலமாக இருந்தால் காற்று புகுந்து தண்ணீர் வடிந்துவிடும் என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள்.

இன்னும் சில. கண்ணாடி போன்ற குழாயில் வெயில் பட்டால் பாசி பிடிக்கும். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும் 4 மில்லிமீட்டர் கறுப்புக் குழாய்க்கு மாறிவிடுங்கள். தலைக்குந்தா பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் என் நண்பர் ஒருவர் மூடிய நிலையில் விட்டுவந்த பால் வால்வு (துளையுள்ள உருண்டை ஒன்று திரும்பி மூடும் வகை), உருண்டைக்குள் தங்கிய நீர் உறைந்து வெடித்துவிட்டது. கோத்தகிரியில் அவ்வளவு குளிர் இருக்காது என்றாலும், இரவில் குழாயைக் காலி செய்துவிடுவது நல்லது. அந்தி சாய்ந்ததும் தட்டையும் கவிழ்த்துவிடுங்கள். உங்கள் பக்கம் கரடி நடமாட்டம் உண்டு. தண்ணீர் வைத்து அதை வீட்டு வாசலுக்கு அழைத்ததாக ஆகிவிடக் கூடாது.

மின்சுருள் (குன்னூர்):

குருவியார் கேட்டதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஓசை ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அரை அடியில் இருக்கும் வால்வை ஐந்து மீட்டருக்குக் கொண்டுபோனால் அது ஐந்து முறை இரட்டிப்பு, அதாவது 30 டெசிபல். எந்த மின்சுற்றாலும் அவ்வளவு குறைத்துவிட முடியாது. நொடிக்கு ஒரு சொட்டு என்ற ஓட்டத்தில் ஐந்து மீட்டர்க் குழாயின் உராய்வைப் பொருட்படுத்தவே வேண்டியதில்லை.

தேயிலைக்கொழுந்து (கோத்தகிரி):

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதிலேயே கழிந்தது; கண்டதை எழுதுகிறேன்.

துண்டில் சுற்றிய வால்வைக் கையில் பிடித்து இயக்கியபோது, விரலில் ஓர் உதைப்பை உணர்ந்தேனே தவிர, பக்கத்து அறையிலிருந்த என் கணவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதே வால்வைப் பெட்டிப் பலகையில் வெறுமனே அழுத்திப் பிடித்தபோது, என்ன உடைந்தது என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். தவில் என்று நீங்கள் எழுதியது மிகையன்று. வால்வின் மேல் அந்த 0.02 என்ற எண்ணும் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் அழுத்தப் பாடம் நடத்தியவள் அதைப் படிக்காமல் விட்டதை நினைத்து வெட்கப்பட்டேன்.

ஸ்டெப்பர் மோட்டார் என் அண்ணன் மகனிடம் ஒன்று இருந்தது. மையம் விலகிய வட்டுக்கு, தேய்ந்துபோன கேரம் காய் ஒன்றில் ஓரமாகத் துளையிட்டுப் பொருத்தினோம். குளுக்கோஸ் குழாயையே நசுக்கிப் பார்த்ததில், காலைக் குளிரில் அது விறைத்துப்போய் முழுவதும் மூடவில்லை. மாலையில் அதே இடத்தில் நசுங்கிய தழும்பு நிலைத்துவிட்டது. ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் உள்விட்டம் 2, வெளிவிட்டம் 4 மில்லிமீட்டர் உள்ள சிலிக்கோன் குழாயை இடையில் சேர்த்த பிறகு ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. இப்போது மோட்டார் ஜன்னல் விளிம்பில், பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்ப் பட்டையில் தொங்குகிறது. ஜன்னல் தட்டைவிட உயரத்தில் இருப்பதால் கேனையும் அதன் அருகிலேயே கொண்டுவந்துவிட்டேன். மரம் ஏறும் வேலையும் மிச்சம்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குத் தட்டில் இரண்டு வெள்ளைக்கண்ணிகள் இருந்தபோதே சொட்டைத் தொடங்கினேன். ஒன்று தலையைச் சாய்த்துச் சொட்டு விழும் இடத்தைப் பார்த்தது. மற்றது குளிப்பதை நிறுத்தவே இல்லை.

ஒரே ஒரு தொல்லை மிச்சமிருக்கிறது. திரும்பிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுபோனால், மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்பது பலகைக்குத் தெரிவதில்லை. தடுப்பு ஒன்றில் முட்டும் வரை பின்னோக்கிச் சுழலவிட்டால் 'கடகட' என்று அதிர்கிறது.

மின்சுருள் (குன்னூர்):

கேரம் காய் நல்ல யோசனை, நானும் எடுத்துக்கொள்கிறேன். முட்டவிடாதீர்கள். காயின் ஓரத்தில் ஒரு சிறு காந்தத்தை ஒட்டி, அதன் எதிரே காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சாரைப் பொருத்துங்கள். மின்சாரம் வந்ததும் காந்தம் எதிர்ப்படும் வரை மட்டும் மோட்டார் சுழலட்டும். அந்த இடத்தையே மூடிய நிலையாக வைத்துக்கொண்டால், பேட்டரி நடுவில் நின்றாலும் மறுபடி தொடங்கும்போது முதல் வேலையாகக் குழாய் மூடிக்கொள்ளும். தொட்டால் அழுந்தும் மைக்ரோ ஸ்விட்ச் வேண்டாம், அதற்கும் ஒரு 'டிக்' உண்டு. வாரம் ஒருமுறை சிலிக்கோன் துண்டைச் சற்றே நகர்த்தி வையுங்கள். ஒரே இடம் நசுங்கிக்கொண்டிருந்தால் அங்கேதான் முதலில் விரிசல் விடும்.