சபையில் உதவி நிதி: பெயர் வெளியே வராமல் கணக்கு வைப்பது எப்படி?

புதிய பொருளாளர்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். 120 குடும்பங்கள் உள்ள சபை. கஷ்டம் என்று யார் வந்தாலும் காணிக்கைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுக்கும் வழக்கம், ரசீது கிடையாது. இனி தனியாக உதவி நிதி வைப்பதாகக் கமிட்டியில் முடிவாகி, பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கணக்கு எல்லோருக்கும் தெரிய வேண்டும், வாங்கியவர் பெயர் யாருக்கும் தெரியக் கூடாது. இதற்கு என்ன வழி? இன்னொன்று: படுக்கையில் இருப்பவர்கள், துக்க வீட்டார் இவர்களைப் போய்ப் பார்க்க ஒரு ஒழுங்கு வேண்டும். அவரவர் விருப்பத்துக்கு விட்டால் சில வீட்டில் கூட்டம், சில வீட்டுக்கு ஆளே போவதில்லை.

தணிக்கை பார்ப்பவர்:
பிரதர், முதலில் பையிலிருந்து நேராக எடுப்பதை நிறுத்துங்கள். அந்தப் பணம் வரவிலும் ஏறாது, செலவிலும் ஏறாது. நாளைக்கு யாராவது கேட்டால் கொடுத்தவர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சுதான் மிஞ்சும், காட்ட ஒரு தாள் இருக்காது.

ஆராதனை முடிந்ததும், சபைக் கட்டடத்திலேயே, ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பேர் எண்ண வேண்டும். எந்த நோட்டு எத்தனை என்று சீட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி செயலாளரிடம். எண்ணியவரே வங்கியில் கட்டி, அவரே பாஸ்புக்கையும் சரிபார்க்கும்படி விடாதீர்கள். வரவு முழுவதும் வங்கிக்குப் போன பிறகே உதவி நிதிக்குப் பிரியட்டும். இரவு நேர அவசரத்துக்கு ஒரு சிறு தொகை போதகர் கையில் இருக்கலாம். செலவு செய்ததற்கான வவுச்சர் (கையெழுத்திட்ட செலவுச் சீட்டு) கொடுத்தால்தான் அது மறுபடி நிரம்பும்.

பெயருக்கு இரண்டு புத்தகம் வையுங்கள். பொதுக் கணக்கில் 'உ-14, மருத்துவம், தேதி, தொகை' மட்டும். உ-14 யார் என்பது பூட்டிய பெட்டியில் உள்ள இன்னொரு புத்தகத்தில், மனுவோடும் பில் நகலோடும். அது போதகர், ஒரு மூப்பர் இருவர் பார்வைக்கு மட்டும். தணிக்கையாளர் மூன்று நான்கு எண்ணைத் தானே தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கங்களை மட்டும் ஒத்துப் பார்ப்பார்.

பலர் தவறுகிற இடம் காலாண்டு அறிக்கை. 'பிரசவச் செலவு: 1 குடும்பம்' என்று போட்டால் பெயரைப் போட்ட மாதிரிதான், சபையில் அந்த மாதம் யாருக்குப் பிரசவம் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று குடும்பத்துக்குக் குறைந்த தலைப்புகளையெல்லாம் 'இதர உதவி' என்று ஒன்றாக்கிவிடுங்கள். வாடகை, ஆஸ்பத்திரி, பள்ளிக் கட்டணம் இவற்றை அந்தந்த இடத்திலேயே கட்டிவிடலாம், ரசீதும் கைக்கு வரும். ஆனால் கட்டுபவர் சபைப் பெயரைச் சொல்லி வீட்டுக்காரர் முன்னால் அவர்களைத் தலைகுனிய வைக்கக் கூடாது. கமிட்டி ஆளின் சொந்தக்காரர் மனு வந்தால் அந்தக் கமிட்டி ஆள் எழுந்து வெளியே போகட்டும்.

எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோகப் பவுல் தனியாகப் போகவில்லை. யாரும் குறைசொல்லாதபடிக்குச் சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களும் கூட இருந்தார்கள் (2 கொரிந்தியர் 8:19-21). நம்மைச் சந்தேகிக்கிறார்களே என்று யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

வீடு சந்திப்புக் குழு:
உங்கள் இரண்டாவது கேள்விக்கு. பத்துப் பத்து வீடாகப் பிரித்தால் 12 குழு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் பொறுப்பு. யார் போனது, எந்தத் தேதி என்று மட்டும் நோட்டில் எழுதட்டும், அங்கே கேட்டதை எழுத வேண்டாம். மாதம் ஒருமுறை நோட்டைப் புரட்டினால் ஆள் போகாத வீடு தானே தெரியும்.

துக்க வீட்டில் முதல் வாரம் ஆள் குறையாது. வெறுமை அடிப்பது எல்லோரும் போன பிறகுதான். அதனால் அடக்க ஆராதனை அன்றே நாட்காட்டியில் நான்கு தேதி குறியுங்கள்: ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், முதல் வருஷம். மூன்றாம் மாதத்தை விட்டுவிடாதீர்கள் சகோதரரே, அதுதான் எல்லோரும் மறக்கும் மாதம்.

நோயாளியைப் பார்க்கப் போகுமுன் போன் செய்யுங்கள். இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். நின்றபடி பேசினால் அவர் கழுத்தை நிமிர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், நாற்காலியை முகத்துக்கு நேரே போட்டு உட்காருங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். ஒரு சிறு சங்கீதம், ஒரு சிறு ஜெபம் போதும். இதே வியாதியில் இன்னொருவர் பட்ட பாட்டைச் சொல்லவே வேண்டாம். 'என்ன வேண்டும்?' என்று கேட்டால் 'ஒன்றும் வேண்டாம்' என்றுதான் பதில் வரும். 'வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரட்டுமா?' என்று கேட்டுப் பாருங்கள். கவனித்துக்கொள்கிறவரை இரண்டு மணி நேரம் தூங்கவிட்டு நீங்கள் பக்கத்தில் இருந்தால், அது பெரிய உதவி.

ஜெபக்குறிப்பில்தான் ரகசியம் அதிகம் உடைகிறது. சபையில் சொல்லப்போகும் வார்த்தையை, யாருக்காக ஜெபிக்கிறோமோ அவரிடமே வாசித்துக் காட்டி, சரி என்ற பிறகு சொல்லுங்கள்.

புதிய பொருளாளர்:
மிகவும் நன்றி. ஒரே குடும்பம் திரும்பத் திரும்ப வந்தால்? கடனாகக் கொடுக்கலாமா?

தணிக்கை பார்ப்பவர்:
கடன் வேண்டவே வேண்டாம். திருப்பித் தர முடியாதவர் உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசி ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிடுவார். பணமும் வராது, ஆளும் வரமாட்டார். ஆறு மாதத்தில் மூன்றாவது மனு என்றால் இரண்டு பேர் அவரோடு உட்கார்ந்து வரவு, செலவு, வெளிக்கடன், வட்டி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் ஒரு கடனின் வட்டிதான் மாதாமாதம் விழுங்கிக்கொண்டிருக்கும். அந்த ஒன்றை அடைக்க முடியுமா என்று பாருங்கள்.

மூப்பர்:
ஒன்று சேர்க்கிறேன். சபை அங்கத்தினர் அல்லாத அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு பங்கை விதியிலேயே எழுதி வையுங்கள். ஆராதனைக்கு வந்தால்தான் என்ற நிபந்தனை அதில் கூடாது. அப்போஸ்தலர் 6-ல் ஏழு பேரைத் தெரிந்துகொண்டதே, கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள் என்ற முறையீட்டால்தான். உங்கள் பட்டியலில் யார் விடுபடுகிறார்கள் என்பதை வருஷத்துக்கு இரண்டு தடவை, கமிட்டியில் இல்லாத ஒரு பெண்மணியையும் உட்காரவைத்துப் பாருங்கள். கமிட்டிக் கண்ணுக்குத் தப்புகிற வீடு அவர்களுக்குத் தெரியும்.