கர்ப்பத்துல போடுற தடுப்பூசி, பொறந்த குழந்தைக்கு கிருமி தொற்று வராம காப்பாத்துமா?

நிலாச்சோறு:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இப்ப 27 வாரம், ரெண்டாவது பிரசவம். மொத பாப்பா பொறந்த மறுநாளே மூச்சு வேகமா வாங்க ஆரம்பிச்சு ஒவ்வொரு மூச்சுக்கும் சன்னமா ஒரு முனகல், நான் ஏதோ தூக்கத்துல முனகுறான்னு நெனச்சுட்டேன், நர்ஸ் பாத்ததும் அப்படியே தூக்கிட்டு ஓடினாங்க. ரத்த கல்ச்சர்ல குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியா கிருமி இருக்குன்னு வந்துச்சு. பத்து நாள் ஐசியூல கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தேன். இப்ப கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கா. இந்த தடவை முன்கூட்டியே தயாராகணும். இதுக்கு கர்ப்பிணிகளுக்கு ஊசி வந்துடுச்சுன்னு சொல்றாங்களே நெஜமா? டாக்டர் டிடாப் போட சொல்லியிருக்காங்க, அது இதையும் சேத்து தடுக்குமா?

லேபர் ரூம் அக்கா:
மொதல்ல குழப்பத்த தீத்துக்கலாம்மா. டிடாப் கக்குவான் இருமல், ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இந்த மூணுக்கும்தான், குரூப் பி ஸ்ட்ரெப்புக்கு இல்ல. ஆனா அத தள்ளிப் போடாதீங்க, 27லேர்ந்து 36 வாரம் நல்ல நேரம், அதுலயும் முன்னாடியே போட்டுட்டா நல்லது. ஊசி போட்டு ரெண்டு வாரத்துல உங்க உடம்புல எதிர்ப்பு சக்தி நல்லா ஏறும், அது நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கு போகணும், கடைசி மூணு மாசத்துலதான் அதிகமா போகும். குழந்தைக்கு சொந்தமா கக்குவான் ஊசி போட ஆறு வாரமோ ரெண்டு மாசமோ ஆகும்ல, அதுவரைக்கும் நீங்க குடுக்கறதுதான் அதுக்கு. போன கர்ப்பத்துல போட்டோமேன்னு விடாதீங்க, ஒவ்வொரு தடவையும் போடணும்.

அப்புறம் முக்கியமா, முந்தின குழந்தைக்கு இந்த தொற்று வந்திருந்தா 36, 37 வாரத்துல அம்மாவோட பிறப்புறுப்பு, ஆசனவாய்ல பஞ்சு குச்சி வச்சு இந்த கிருமி இருக்கான்னு பாக்க எடுக்குற ஸ்வாப் டெஸ்ட்ட நம்பி இருக்க வேண்டாம், ரிசல்ட் நெகட்டிவ்னு வந்தாலும் உங்களுக்கு வலி ஆரம்பிச்சதும் நரம்பு வழியா பென்சிலின் போட்டே ஆகணும். பொறக்கறதுக்கு நாலு மணி நேரமாவது முன்னாடி மருந்து ஏறணும், அதனால பனிக்குடம் உடைஞ்சா வலி வரட்டும்னு வீட்ல உக்காந்திருக்காதீங்க, உடனே கிளம்பிடுங்க. ஃபைல் அட்டை மேலயே பெருசா எழுதி வைங்க, ஏன்னா ராத்திரி டூட்டில இருக்கறவங்களுக்கு உங்க கதை தெரியாது.

சோதனைக்குழாய்:
ஊசி பத்தி கேட்டீங்க. இன்னும் எந்த நாட்டுலயும் அனுமதி ஆகல, ஆராய்ச்சில இருக்கு. 1976லயே கரோல் பேக்கர், டென்னிஸ் காஸ்பர் ரெண்டு பேரும் அம்மா ரத்தத்துல எதிர்ப்பு சக்தி கம்மியா இருந்தா குழந்தைக்கு இந்த நோய் வர வாய்ப்பு அதிகம்னு காட்டிட்டாங்க, அதாவது அம்மாவுக்கு ஊசி போட்டா குழந்தைய காக்கலாம்ங்கற யோசனைக்கு கிட்டத்தட்ட அம்பது வயசு. ஃபைசரோட ஊசி இந்த கிருமியோட ஆறு வகைகளுக்கு எதிரானது, தென் ஆப்பிரிக்கால கர்ப்பிணிகள்ட்ட சோதிச்சு 2023ல ரிசல்ட் வந்துச்சு, எதிர்ப்பு சக்தி குழந்தைக்கும் போயிருந்துச்சு. உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன கணக்குப்படி வருஷத்துக்கு சுமார் 91,000 பிஞ்சுங்க இதால சாகுதுங்க, இத படிச்ச அன்னைக்கு எனக்கு சோறு எறங்கல. இன்னொன்னு, குரூப் பி ஸ்ட்ரெப்ப சுருக்கி ஜிபிஎஸ்னு சொல்வாங்க, ஆனா வெறும் ஜிபிஎஸ்னு தேடினா நரம்பு தளர்ந்து போற வேற ஒரு நோய் பத்திதான் வரும், அத படிச்சு பயந்துடாதீங்க.

ரெட்டைவால் அம்மா:
நான் ஒண்ணு சொல்லணும். எனக்கு வலியப்ப ஆன்டிபயாடிக் சரியா போட்டாங்க, குழந்தையும் நல்லாதான் பொறந்தான். 24வது நாள், எப்பவும் பாலுக்கு வாய தொறந்துகிட்டு தேடுறவன், மார்ல வச்சாலும் சப்பல, கைய தூக்கி விட்டா துணி மாதிரி விழுந்துச்சு. மூளைக்காய்ச்சல். வலியப்ப போடுற மருந்து மொத ஒரு வாரத்துல வர்றத மட்டும்தான் தடுக்கும், அதுக்கப்புறம் மூணு மாசம் வரைக்கும் வரக்கூடியத தடுக்காது, இத எனக்கு யாருமே சொல்லல. அந்த ஊசி சீக்கிரம் வரணும்னு நான் தவிக்கிறது இதுக்காகத்தான். குழந்தை பால் குடிக்காம துவண்டா, 100.4க்கு மேல காய்ச்சல் அடிச்சா, இல்ல உடம்பு சில்லுன்னு ஆனா விடியட்டும்னு பாக்காதீங்க, அந்த நேரமே ஓடுங்க.

நிலாச்சோறு:
அக்கா எல்லாத்தையும் எழுதிகிட்டேன், கை நடுங்குது ஆனா தெளிவாயிடுச்சு. நாளைக்கே டிடாப் போட போறேன். ஒரு டவுட், சின்ன வயசுல பென்சிலின் குடுத்து எனக்கு உடம்பெல்லாம் தடிச்சுதுன்னு அம்மா சொல்வாங்க, அப்ப என்ன பண்றது?

லேபர் ரூம் அக்கா:
நாளைக்கு ஊசி போட போறப்பவே இத சொல்லிடுங்க, வலி வந்தப்புறம் சொன்னா எல்லாரும் தடுமாறுவாங்க. எப்ப வந்துச்சு, மூச்சு திணறல் இருந்துச்சா, முகம் வீங்குச்சான்னு அம்மாட்ட இன்னைக்கு ராத்திரியே கேட்டு வைங்க. சின்ன வயசுல அலர்ஜின்னு சொன்ன நெறைய பேருக்கு டெஸ்ட் பண்ணி பாத்தா இருக்காது. நெஜமாவே பெருசா இருந்தா வேற மருந்து இருக்கு, ஆனா அது உங்க கிருமிக்கு கேக்குமான்னு பாக்கத்தான் 36 வாரத்துல ஸ்வாப் வேணும், லேப் சீட்டுல பென்சிலின் அலர்ஜின்னு எழுத சொல்லுங்க.