சனிக்கிழமை யாழ்ப்பாண ரவுண் பயணம்: வானை எங்க விடுறது, எங்க சாப்பிடுறது

குடும்பக் குழு · வியாழன்

[இரவு 7:12] வாணி: எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் வெள்ளி விடிய வந்து சேருவம். அம்மாவோட சேத்து 8 பேர், கே.டி.எச். வான் பிடிச்சிருக்கு. டிரைவர் கொழும்பு ஆள், யாழ்ப்பாண ரவுண் அவருக்குப் பழக்கமில்லை. கஸ்தூரியார் வீதியில சீலை, கன்னாதிட்டி நகைக்கடையில ஒரு சங்கிலி, நடுவில சாப்பாடு. வெள்ளியே போவமோ? வானை எங்க விடுறது?

[இரவு 7:15] சிவா அண்ணா: வெள்ளி வேண்டாம். சனிக்கிழமை வா. ஞாயிறு ரவுணில பாதிக் கடை பூட்டு, அதையும் யோசிக்காத.

[இரவு 7:16] வாணி: வெள்ளியில என்ன பிரச்சினை அண்ணா?

[இரவு 7:18] சிவா அண்ணா: பள்ளிக்கூட நாள். 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடுவினம். வேம்படி, மத்திய கல்லூரி ரெண்டும் ரவுணோட ஒட்டித்தான் கிடக்கு. அந்த நேரம் பள்ளிக்கூட வான், ஓட்டோ, பிள்ளையளை ஏத்த வந்த மோட்டச்சைக்கிள் எல்லாம் ஒண்டா இறங்கும். சரியா நீங்கள் சாப்பிடப் போற நேரமும் அதுதான். சனிக்கிழமை அந்த நெரிசல் இல்லை.

[இரவு 7:19] கலா மாமி: வெள்ளிக்கிழமை அம்மா மச்சம் (மீன், இறைச்சி) தொடமாட்டா. மற்றவைக்கு நண்டு வேணுமெண்டு தொடங்குவினம். ஒரு மேசையில ரெண்டும் சரிவராது பிள்ளை. வெள்ளி பின்னேரம் நல்லூருக்கு மட்டும் போங்கோ. ரவுண் வேலை சனிக்கிழமை.

[இரவு 7:20] ரமேஷ்: வெள்ளி மத்தியானம் ஜும்மா தொழுகைக்கு சோனகத்தெரு, ஐந்து சந்திப் பக்கம் கடையளைப் பூட்டுவினம் வாணி அக்கா. அங்க கொத்து சாப்பிட நினைச்சாலும் வெள்ளி மத்தியானம் சரிவராது.

[இரவு 7:22] வாணி: சரி, சனிக்கிழமை. எத்தினை மணிக்கு வரவேணும்?

[இரவு 7:26] சிவா அண்ணா: 9.30க்கு ரவுணுக்குள்ள நில். அதுக்கு முதல் வந்தா சீலைக் கடை முழுசாத் திறந்திராது. 11 மணிக்குப் பிறகு வந்தா வானுக்கு இடம் தேடியே அரை மணித்தியாலம் போகும். ஆஸ்பத்திரி வீதியில நிப்பாட்டுற எண்ணத்தை இப்பவே விடு. ஒரு பக்கம் போதனா வைத்தியசாலை வாசல், மற்றப் பக்கம் பஸ் நிலையம். நோயாளரைப் பாக்கிற நேரத்தில மத்தியானமும் பின்னேரமும் சனம் ரோட்டிலதான் நிக்கும். அம்புலன்ஸ் வாற வழியில வான் நிண்டா பொலிஸ் சும்மா விடாது. விடவும் கூடாது.

[இரவு 7:28] ரமேஷ்: தண்டம் எழுதினா லைசன்சை வாங்கி வைச்சிட்டு ஒரு தாள் தருவினம். 14 நாளைக்குள்ள காசைக் கட்டவேணும். அது கடந்தா 28 நாள் வரைக்கும் ரெட்டிப்பு, அதுக்கும் மேல போனா நீதிமன்றம். காசைக் கட்டின ரசீதைக் காட்டித்தான் லைசன்சை எடுக்கலாம். கொழும்பு டிரைவருக்கு அது பெரிய கரைச்சல்.

[இரவு 7:29] வாணி: ஐயோ. அப்ப எங்க விடுறது?

[இரவு 7:34] சிவா அண்ணா: முதல் ஆக்களை இறக்கு, பிறகு வானைக் கொண்டுபோய் விடு. ரெண்டையும் ஒரே இடத்தில செய்யப் பாக்கிறதாலதான் கஸ்தூரியார் வீதி அடைபடுது. வானின்ர கதவு இடப்பக்கம் இழுபடுறது. அதால இறங்குற கடை உங்கட இடக்கைப் பக்கம் வாற மாதிரி வீதிக்குள்ள வரவேணும். எதிர்ப்பக்கம் இறங்கினா அம்மா பஸ்ஸுக்கும் மோட்டச்சைக்கிளுக்கும் நடுவால ரோட்டைக் கடக்கவேணும். தடியோட நடக்கிறவவுக்கு அது கூடாது. தேவையெண்டா ஸ்ரான்லி வீதியால ஒரு சுத்துச் சுத்தி வரச் சொல்லு. 5 நிமிசம் கூடப் போகும், பரவாயில்லை.

[இரவு 7:36] சிவா அண்ணா: இறக்கினாப் பிறகு வான் நேர முற்றவெளிப் பக்கம். பொது நூலகம், துரையப்பா விளையாட்டரங்கு, முனியப்பர் கோயில் எல்லாம் அந்தச் சுற்றாடல்தான். கோட்டையும் பக்கத்தில. அங்க வீதி அகலம், வானைத் திருப்பவும் இடம் இருக்கு. பஸ் நிலையத்தடிக்கு ஆறுதலா நடந்தா 10, 12 நிமிசம். டிரைவர் வானோடயே நிக்கட்டும். ஒருக்கா கோல் எடுத்தா உடன வரலாம்.

[இரவு 7:38] சுகி: முற்றவெளியில நிகழ்ச்சி, பொருட்காட்சி ஏதும் எண்டா அந்த இடமும் நிரம்பும். ஜனவரியில வர்த்தகக் கண்காட்சி நடக்கேக்க அந்தப் பக்கம் போய் நிப்பாட்டேலாது. சனிக்கிழமை என்ன இருக்கெண்டு நாளைக்குப் பின்னேரம் பாத்துச் சொல்லுறன்.

[இரவு 7:41] ரமேஷ்: ஸ்ரான்லி வீதி ஒழுங்கையளுக்குள்ள விடலாம்தானே சிவா அண்ணா? கிட்ட எல்லோ.

[இரவு 7:45] சிவா அண்ணா: மோட்டச்சைக்கிள் எண்டா சரி தம்பி. வானுக்கு வேண்டாம். கே.டி.எச். கிட்டத்தட்ட 16 அடி நீளம். ஒழுங்கையில ரெண்டு வீட்டுப் படலைக்கு நடுவில அவ்வளவு இடம் கிடையாது, எப்பிடியும் ஒரு படலை மறிபடும். மற்றது வாய்க்கால். ஒதுங்கி நிப்பாட்டுறம் எண்டு இடச்சில்லை வாய்க்கால் சிலாப்பில ஏத்துவினம். அந்தச் சிலாப் ஆக்கள் நடக்கப் போட்டது. 8 பேர் ஏறின வான் நிண்டா வெடிக்கும், சில்லு உள்ள இறங்கும். பிறகு ஜாக்கி வைக்கவும் கீழ பிடிமானம் இராது. சிலாப்பில ஒரு மெல்லிய வெடிப்பு கண்டாலே அதில ஏத்தாதேங்கோ எண்டு டிரைவருக்குச் சொல்லு.

[இரவு 7:47] ரமேஷ்: சரி அண்ணா. ஒக்ரோபர் தொடங்கி டிசம்பர் வரைக்கும் மாரி மழைக்கு வாய்க்கால் விளிம்பே தெரியாது. அந்த நேரம் ஒதுங்கி நிப்பாட்டுறது இன்னும் மோசம்.

[இரவு 7:49] வாணி: காசு கட்டி விடுற இடம் இருக்கோ?

[இரவு 7:52] ரமேஷ்: ரவுணுக்குள்ள மாநகர சபை கட்டணம் எடுக்கிற இடங்கள் இருக்கு. அச்சடிச்ச ரிக்கற் தருவினம். அதில உங்கட வாகன இலக்கமும் நேரமும் சரியா எழுதியிருக்கோ எண்டு அங்கயே பாருங்கோ. ரிக்கற் இல்லாமல் காசு கேட்டா குடுக்காதேங்கோ. திரும்ப எடுக்கும் மட்டும் ரிக்கற் கையில இருக்கவேணும், வானுக்குள்ள வைக்கவேண்டாம். கடையளின்ர சொந்தத் தரிப்பிடம் அங்க சாமான் வாங்கிறவைக்கு மட்டும்தான். அங்க விட்டிட்டு ரவுண் சுத்தப் போனா காவலாளி வந்து எடுக்கச் சொல்லுவார்.

[இரவு 7:53] சுகி: பாக், போன், பாஸ்போட் ஒண்டும் சீற்றில வைச்சிட்டுப் போகாதேங்கோ. டிரைவர் பிளேன்ரீ குடிக்க இறங்கினாலும் கண்ணாடியைப் பூட்டட்டும்.

[இரவு 7:55] வாணி: சரி அண்ணா, விளங்குது. இனிச் சாப்பாடு. மாமி?

[இரவு 8:01] கலா மாமி: மத்தியானம் சைவம், இரவு மச்சம். அப்பிடிப் பிரிச்சா எல்லாருக்கும் சரி. மத்தியானத்துக்கு மலாயன் கஃபே. பஸ் நிலையத்தடியில இருந்து நடக்கிற தூரம். வாழையிலையில சோறு, பருப்பு, மரக்கறி, சொதி, அப்பளம். கறியள் திரும்பத் திரும்பக் கொண்டுவருவினம். காணுமெண்டா உடன சொல்லு, இலையில மிச்சம் விடாதேங்கோ. சாப்பிட்டு முடிய இலையை நாங்களே மடிச்சு, கை கழுவுற இடத்தில இருக்கிற ஓட்டைக்குள்ள போடவேணும். பிள்ளையளுக்கு முதலே சொல்லி வை.

[இரவு 8:03] கலா மாமி: நேரம் முக்கியம். 11.45க்கும் 12.15க்கும் இடையில உள்ள போயிருங்கோ. ஒரு மணிக்குக் கந்தோர் ஆக்கள், கடைப்பெடியள் எல்லாரும் வருவினம், 8 பேருக்கு ஒரு இடத்தில கதிரை கிடையாது. ரெண்டு மணிக்குப் பிறகு போனா ரெண்டு மூண்டு கறி முடிஞ்சிருக்கும். மத்தியானச் சோறு ஒருக்காச் சமைக்கிறதுதான், திரும்ப அடுப்பேத்தமாட்டினம்.

[இரவு 8:05] வாணி: தோசை?

[இரவு 8:07] கலா மாமி: தோசை, இடியப்பம், பிட்டு எல்லாம் விடியவும் பின்னேரமும். மத்தியானம் கேட்டா விடியச் சுட்ட மிச்சம்தான் வரும். தோசைக்கு ஆசையெண்டா திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்துக்குப் போங்கோ, பலாலி வீதியில. பெண்கள் குழுவா நடத்தினம். கண்ணுக்கு முன்னால சுடுவினம், விலையும் குறைவு. ரவுணுக்குள்ள இல்லாததால வானுக்கும் இவ்வளவு அலைச்சல் இல்லை. விடிய ரவுணுக்கு வாற வழியில அங்க சாப்பிட்டா, மத்தியானம் வரைக்கும் ஒருதரும் பசியெண்டு சொல்லாயினம்.

[இரவு 8:10] சுகி: இரவு நண்டுக்கு பெரிய ஹோட்டல், சாதாரண சாப்பாட்டுக் கடை ரெண்டும் இருக்கு. பெரிய ஹோட்டலில மெனு விலைக்கு மேல சேவைக் கட்டணம் 10 வீதம், அதுக்கு மேல வற் 18 வீதம். 1000 ரூபா எண்டு போட்டிருந்தா 1100 ஆகி, அதில வற் ஏறி 1298 ரூபா கட்டவேணும். மெனுவின்ர அடியில சின்ன எழுத்தில இருக்கும். சாதாரண கடையளில அனேகமா போட்டிருக்கிற விலைதான்.

[இரவு 8:14] கலா மாமி: எங்க போனாலும் நண்டைச் சமைக்க முதல் காட்டச் சொல்லு. கையில தூக்கிப் பாக்கவேணும். அளவு பெருசா இருந்து பாரம் இல்லையெண்டா அது புதுசாக் கோது மாத்தின நண்டு, உள்ள தண்ணிதான். வயித்துப் பக்கக் கோதைப் பெருவிரலால அமத்திப் பார், கல்லு மாதிரி இருக்கவேணும். மெத்தெண்டு போனா வேண்டாமெண்டு சொல்லு. விலை நிறைக்கோ, எண்ணிக்கைக்கோ எண்டதையும் அப்பவே கேள். பில் வந்தாப் பிறகு கேட்டுப் பிரயோசனம் இல்லை.

[இரவு 8:16] கலா மாமி: நண்டுக்கறிக்குப் பிட்டு எடுங்கோ. சோறு வேண்டாம், குழம்பைப் பிட்டுத்தான் வடிவா உறிஞ்சும். முருங்கையிலை போட்டு இறக்கின குழம்போ எண்டு கேள், அதுதான் எங்கட பக்கத்துக் கறி. உறைப்பைக் குறைக்கச் சொல்லுறதெண்டா ஓடர் குடுக்கேக்க சொல்லவேணும். கறித்தூள் சட்டிக்குள்ள விழுந்தாப் பிறகு தேங்காய்ப்பால் விட்டாலும் ருசி கெடுமே தவிர உறைப்பு போகாது.

[இரவு 8:18] வாணி: என்ர மனுசனுக்கு ஒடியல் கூழ் குடிக்கவேணுமாம் மாமி.

[இரவு 8:23] கலா மாமி: கூழ் நினைச்ச உடன கிடைக்காது பிள்ளை. முதல் நாளே சொல்லி வைக்கவேணும். ஒடியல் (காயவைச்ச பனங்கிழங்கு) மாவைத் தண்ணியில ஊறவிட்டு, மேல தெளிஞ்ச தண்ணியை ஊத்திப்போட்டுக் கரைச்சாத்தான் கைப்புப் போகும். அவசரத்துக்குச் செய்யிற கூழ் அதாலதான் கைக்கிறது. பிறகு மீன், நண்டு, இறால், மரவள்ளி, பயித்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் அவிச்சு, மாவைக் கடைசியாக் கரைச்சு விட்டு, செத்தல் மிளகாயும் புளியும் சேக்கிறது. அஞ்சாறு பேருக்குக் குறையச் செய்யமாட்டினம். நீங்கள் 8 பேர், கேட்டா ஓமெண்டுவினம். ஆனா இரவில வேண்டாம், வயிறு தாங்காது. ஞாயிறு மத்தியானம் எங்கட வீட்டை வாங்கோ, நான் வைக்கிறன். பனையோலைப் பிளாவில ஊத்திக் குடிக்கலாம்.

[இரவு 8:24] வாணி: அப்ப ஞாயிறு மாமி வீடு. அவருக்குச் சரியான சந்தோசம்.

[இரவு 8:27] சிவா அண்ணா: நல்லூருக்கு வெள்ளி பின்னேரம் எண்டாலும் வானைக் கோயில் வாசலடிக்குக் கொண்டுபோகாத. ஆக்களை இறக்கிட்டு ஒரு வீதி தள்ளி விடு. திருவிழா 25 நாளும் எண்டா சுத்துவீதி முழுக்க மறிப்பு, மாற்று வழி போட்டிருப்பினம். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆம்பிளையள் மேல்சட்டை கழட்டித்தான் உள்ள போகலாம், டிரைவருக்கும் சொல்லு.

[இரவு 8:29] சுகி: பூசை முடிய எல்லாரும் ரியோவுக்கும் லிங்கனுக்கும் ஐஸ்கிறீம் குடிக்கத்தான் போவினம். கோயிலடியில இருந்து நடந்தே போகலாம், வானை எடுக்கவேண்டாம். எடுத்தா அங்க ரோட்டோரத்தில திரும்ப இடம் தேடவேணும்.

[இரவு 8:31] வாணி: பனங்கட்டி, பினாட்டு, தட்டைவடை எல்லாம் ரொறன்ரோவுக்குக் கொண்டுபோகவேணும். எங்க?

[இரவு 8:34] ரமேஷ்: பஸ் நிலையத்தடியில நவீன சந்தைப் பக்கம் வரிசையா கடையள் இருக்கு. பனங்கட்டி வாங்கேக்க ஓலைக் குட்டானைத் தட்டிப் பாருங்கோ அக்கா. ஈரமா ஒட்டினா பழசு, பயணத்தில உருகும். தட்டைவடையை உடைச்சு ஒரு துண்டு சாப்பிட்டுப் பாத்து வாங்குங்கோ, எண்ணெய் மணம் வந்தா வேண்டாம். இதைக் கடைசியா வாங்குங்கோ, இல்லாட்டி முழு ரவுணும் பாரத்தோட நடக்கவேணும்.

[இரவு 8:38] சிவா அண்ணா: அப்ப இப்பிடிச் செய். 8 மணிக்கு அம்மாச்சி. 9.30 கஸ்தூரியார் வீதியில இறங்கு, வான் முற்றவெளிக்கு. முதல் சீலை, பிறகு கன்னாதிட்டி. சங்கிலிக்கு நிறை, செய்கூலி, சேதாரம் மூண்டையும் பில்லில தனித்தனியா எழுதச் சொல்லு. 11.45 மலாயன். 12.45க்கு சந்தைச் சாமான். அது முடிய முதல், 10 நிமிசம் இருக்கேக்க டிரைவருக்கு கோல் எடு. சொன்ன இடத்தில நீங்கள் முதலே நிக்கவேணும். வான் உங்களுக்காகக் காத்து நிண்டா அதுக்குத்தான் தண்டம் எழுதுவினம்.

[இரவு 8:40] வாணி: எழுதி எடுத்திட்டன் அண்ணா. டிரைவருக்கும் அப்பிடியே அனுப்புறன்.

[இரவு 8:42] கலா மாமி: டிரைவர் மத்தியானம் வானோட நிண்டா அவருக்குச் சோத்துப் பாசல் ஒண்டு கட்டுவிச்சுக் கொண்டு போங்கோ. பருப்பும் சொதியும் தனித்தனிப் பையில கேள், சோத்தோட ஊத்தினா ஊறிப்போகும். இரவு கடைக்குச் சொல்லேக்க அவரையும் சேத்து 9 பேர் எண்டு சொல்லு.